தன்வெப்பம்

தன்வெப்பம் அல்லது தன்வெப்ப ஏற்புத்திறன் என்பது ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வெப்பநிலையை ஒரு கெல்வின் (ஒரு பாகை செல்சியசு) உயர்த்தத் தேவைப்படும் வெப்ப ஆற்றலின் அளவாகும். இலங்கைப் பாடநூல்களில் இது தன்வெப்பக் கொள்ளளவு எனப்படும். இதன் அலகு ஜூல்/(கிலோகிராம் கெல்வின்). நீருக்கு இதன் மதிப்பு ஏறத்தாழ 4186. அலுமினியத்துக்கு 900, இரும்புக்கு 450, செம்புக்கு 385, ஈயத்துக்கு 128.

வெப்பமும் வெப்பநிலையும்

100° செல்சியசு வெப்பநிலையில் உள்ள 100 கிராம் இரும்புத் துண்டு ஒன்றை, 20° செல்சியசில் உள்ள 100 கிராம் நீரில் இடுவதாகக் கொள்வோம். இறுதி வெப்பநிலை என்ன? இரண்டின் சராசரியாகிய 60° என்பதே மாணவர் பலரின் முதல் விடை. ஆனால் நீர் ஏறத்தாழ 28° வரை மட்டுமே சூடாகும் (பாத்திரமும் காற்றும் ஏற்கும் வெப்பத்தை இங்குக் கணக்கில் கொள்ளவில்லை). இரும்பு இழந்த வெப்பமும் நீர் பெற்ற வெப்பமும் சமமே. எனினும் அதே வெப்பத்தால் இரும்பின் வெப்பநிலை 72 பாகை இறங்க, நீரின் வெப்பநிலை 8 பாகையே ஏறுகிறது. சராசரி எடுக்கும் முறை, ஒரே பொருளைச் சம நிறையில் கலக்கும்போது மட்டுமே பொருந்தும்.

இக்கணக்குகளுக்கு அடிப்படையான வாய்பாடு:

வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்

எடுத்துக்காட்டாக, ஒரு கிலோகிராம் நீரை 30° இலிருந்து 100° வரை சூடாக்க 4186 × 70, அதாவது ஏறத்தாழ 2,93,000 ஜூல் தேவை. 1000 வாட் மின்கொதிகலன் இதற்கு ஐந்து நிமிடம் எடுக்கும். நீர் கொதிக்கத் தொடங்கியபின் வெப்பநிலை மாறாது. அப்போது செலவாகும் வெப்பம் உள்ளுறை வெப்பமாகும். அதற்கு இவ்வாய்பாடு பொருந்தாது.

வரலாறு

பொருள்கள் ஏற்கும் வெப்பம் அவற்றின் நிறைக்கு ஏற்பவே அமையும் என்று முன்னர்க் கருதப்பட்டது. 1760 அளவில் கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக், பாரன்ஹீட் முன்னர்ச் செய்திருந்த நீர்–பாதரசக் கலவைச் சோதனையைக் கொண்டு இக்கருத்தை மறுத்தார். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆயினும் சம கன அளவில் ஒரே அளவு வெப்பநிலை உயர்வுக்கு அது ஏற்பது நீர் ஏற்கும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவே. வெப்பத்தின் அளவு வேறு, வெப்பநிலை வேறு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

பொருளுக்குப் பொருள் இம்மதிப்பு ஏன் வேறுபடுகிறது என்பதற்கு 1819இல் துலோங், பெத்தி ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு வழி காட்டினர். திண்மத் தனிமங்களின் தன்வெப்பத்தை அணு எடையால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே எண் கிடைக்கிறது. அதாவது, ஒவ்வோர் அணுவும் ஏறக்குறையச் சமமான வெப்பத்தையே ஏற்கிறது. ஈய அணு எடை மிகுந்தது. எனவே ஒரு கிலோகிராம் ஈயத்தில் உள்ள அணுக்கள், ஒரு கிலோகிராம் செம்பில் உள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தன்வெப்பமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறது. வைரம் இவ்விதிக்கு அடங்குவதில்லை. அதன் காரணத்தை 1907இல் ஐன்ஸ்டைன் குவாண்டம் கொள்கையால் விளக்கினார்.

இயற்கையில்

பகலில் நிலம் விரைவாகச் சூடேற, கடல் மெல்லச் சூடேறுவதால் கடற்காற்று வீசுகிறது. சென்னையில் கோடைப் பிற்பகலின் வெம்மையைத் தணிப்பது இதுவே. பாடநூல்கள் பெரும்பாலும் நீரின் மிகுந்த தன்வெப்பத்தை மட்டுமே காரணமாகக் கூறும். இது முழு விளக்கம் அன்று. சூரிய ஒளி நீருக்குள் ஆழமாக ஊடுருவுவதும், அலைகள் நீரைக் கலக்கி வெப்பத்தைப் பரப்புவதும் இதில் பெரும்பங்கு கொள்கின்றன.

குளிர்ந்த காலையில் மரக்கதவைவிட இரும்புக்கதவு தொடுவதற்குச் சில்லென்று இருப்பதைத் தன்வெப்பத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. இரும்பு வெப்பத்தை நன்கு கடத்துவதால் கையின் வெப்பத்தை விரைந்து ஈர்த்துக்கொள்கிறது.