புது மனையும் மறைந்திருக்கும் வரியும்

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலைக்குச் செல்லும் வழியில் வயல்களின் நடுவே மாணிக்கக் குழிகள் தென்படும். மேலே ஒரு சிறு பந்தல். கீழே எத்தனை அடி ஆழமோ! மண்ணுக்குள் என்ன மறைந்திருக்கிறதென்பதைக் குழியில் இறங்கியவனும் முன்கூட்டி அறியான். அண்மையில் ஒரு ஞாயிறன்று அவ்வூரில் நாம் கண்ட புது வீட்டின் விலையும் அத்தகையதாகவே இருந்தது.

வீட்டை வாங்க முன்வந்தவர்கள் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம்; எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அதற்கு உறுதி கிடையாது. ஆகையால் கணவன் மனைவி இருவரது ஊழியர் சேமலாப நிதியையும், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகனின் சேமிப்பையும் ஒன்றாக்கி, 10 பேர்ச் காணியில் புதிதாய்க் கட்டிய சிறு வீடொன்றுக்கு 40 இலட்சம் ரூபா விலை பேசியிருந்தனர். இனி நொத்தாரிசிடம் போக வேண்டியதே பாக்கி என்றிருந்த வேளையில், முத்திரைத் தீர்வைக்கென ஒன்றரை இலட்சத்துக்கு மேல் வேண்டுமென்ற செய்தி வந்தது.

“வீட்டுக்கு வரியே இல்லைன்னுதானே ஐயா சொன்னாங்க?” என்று பெரியவர் நம்மை வினவினார்.

சொன்னவர் பொய் சொல்லவில்லை, முழுதும் சொல்லவுமில்லை. இலங்கையில் பெறுமதி சேர் வரி 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதன் வீதம் 18. குடியிருப்பு வீட்டின் விற்பனை அவ்வரியிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. தொடர்மாடி வீடுகளின் கதை வேறு: 2019 ஏப்ரலில் அவற்றின் விற்பனைக்கு இவ்வரி விதிக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே நீக்கப்பட்டது, அதன் பின்னரும் விதி மாறிற்று. நிவித்திகலையில் தனிக் காணியில் நிற்கும் வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆயின் அவ்வீட்டில் வரி இல்லையென எண்ணிவிடலாகாது. சீமெந்து, இரும்புக் கம்பி, தகடு, தரையோடு, வர்ணப்பூச்சு ஆகியவற்றை வாங்கும்போதே கட்டுவித்தவர் வரி செலுத்திவிட்டார். விற்பனை வரிக்குட்பட்டதாயின், தாம் முன்பு செலுத்தியதைக் கழித்துக்கொள்ள அவருக்கு வழியுண்டு. விலக்களிக்கப்பட்ட விற்பனைக்கு அவ்வழி அடைபட்டுவிடும். மாணவ நேயர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வரிக்குட்பட்ட பொருள்கள் மாத்திரம் 10 இலட்சம் ரூபா பெறுமதியென்று கொண்டால், 18 வீதம் 1,80,000 ரூபா. அது வீட்டு விலைக்குள் சுவரோடு சுவராய்ப் பூசப்பட்டு நிற்கிறது. எந்தப் பற்றுச்சீட்டிலும் வாங்குபவர் கண்ணுக்குப் படாது. பிரித்தானியாவில் 1973இல் இவ்வகை வரி வந்த நாள் தொட்டு, புதிதாய்க் கட்டிய வீட்டின் விற்பனைக்கு விலக்களிப்பதில்லை. பூச்சிய வீதம் விதிக்கின்றனர். பெயரளவில் சிறு வேற்றுமைதான். எனினும் அங்கே கட்டுபவர் பொருள்களுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெறுகிறார்.

பெரியவரின் தமையனார் குடும்பம் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் தமிழ்நாடு சென்று திருச்சியில் வேரூன்றியது. அங்கே பேரன் ஒருவன் அடுக்குமாடி வீடு வாங்கும் முயற்சியில் இருக்கிறானாம். இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல், கட்டி முடியாத வீட்டை வாங்குவோர் சரக்கு சேவை வரியாக 5 வீதமும், மலிவு விலை வீடாயின் 1 வீதமும் செலுத்தவேண்டும். நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு அவ்வரி கிடையாது. பொறுத்திருந்து வாங்குபவனுக்கு இலாபம் போலத் தோன்றும். விற்பவர் அதற்குள் விலையை ஏற்றாதிருக்க வேண்டுமே!

இனி, முத்திரைத் தீர்வை. இது மாகாண சபைக்குரிய வரி, வாங்குபவரே செலுத்தவேண்டியது. பொதுவாக வழங்கும் வீதப்படி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 4 வீதம். 40 இலட்சத்துக்கு 3,000மும் 1,56,000மும் சேர்ந்து 1,59,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணம் இதற்கு வெளியே.

தரகர் ஒருவர் உபாயம் சொல்லியிருந்தார்: உறுதியில் 15 இலட்சம் என்று எழுதினால் தீர்வை 59,000 ரூபாவோடு முடியும். ஓர் இலட்சம் மிச்சம்! அம்மையார் அதற்குச் சம்மதித்துவிட்டார். அவரை நாம் குறை கூறோம். கொழுந்து பறித்துச் சேர்த்த ஓர் இலட்சத்தின் எடை அவருக்கே தெரியும். ஆனால் தீர்வை எழுதிய தொகைக்கன்று, காணியின் சந்தைப் பெறுமதிக்கே உரியது. மாகாண இறைவரித் திணைக்களம் அதனை ஏற்காவிடின் மிகுதியைக் கட்டியே தீரவேண்டும். விற்றவரோடு பின்னர் வழக்கு நேர்ந்தால், கொடுத்த 40 இலட்சத்துக்கு உறுதி சாட்சி சொல்லாது. 15 இலட்சத்துக்கே சொல்லும். அதைவிடத் தீர்வையே வேண்டாமென்று வெள்ளைக் காகிதத்தில் எழுதிக்கொள்வோரும் உளர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடாத காணி விற்பனை செல்லாது.

மலையகத்தில் காணியுறுதி என்பது அண்மைக் காலத்து அனுபவம். 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்ற திட்டம் 2015க்குப் பின்னரே வலுப்பெற்றது. இந்திய உதவியில் கட்டிய முதல் 4,000 தோட்ட வீடுகளும் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே சென்றன. சப்ரகமுவத் தோட்டத்தார் பலர் சொந்தப் பணத்தையே நம்பவேண்டியதாயிற்று. இத்தீர்வையில் திரட்டும் பணம் காணி அமைந்துள்ள உள்ளூராட்சிச் சபைக்குச் சேர்வது. நிவித்திகலைப் பிரதேச சபையிடம் தெருவிளக்குக் கேட்க இவர்களுக்கும் இனி உரிமையுண்டு என்று நாம் கூறினோம். அம்மையார் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மகன் மேலும் கடன் பெற்று முழுத் தொகையையும் செலுத்தினான். உறுதி சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. உயர்தர வகுப்பில் பயிலும் பேத்தி நொத்தாரிசின் மேசையருகே நின்று, எல்லைகளையும் தொகையையும் வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். “நாற்பதுதானே போட்டிருக்கு?” என்று இருமுறை கேட்ட பின்னரே பெரியவர் பேனாவை எடுத்தாராம்.