உங்களுக்குத் தெரியுமா? பைபாஸுக்குப் பின் சோறு இறங்காதது ஏன்?

இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். இன்று திருவக்கரைக்காரருக்கு அந்த வசதி பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரிலேயே இருக்கிறது.

ஆனால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வந்தவர் தட்டைத் தள்ளி வைத்தால் வீட்டார் பதறிப்போகிறார்கள். மயக்க மருந்து, வலி மாத்திரை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து பசியை அடக்கும். சிலருக்கு வாயில் இரும்புச் சுவை தட்டும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

சிக்கல் நம் ஊர்ப் பத்தியத்தில்தான். முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் வெறும் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் மிஞ்சும். பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குப் புரதம் வேண்டும். ஊறுகாயின் உப்போ உடம்பில் நீரைத் தேக்கும். (மரக்காணம் கருவாட்டுக்கும் இதே தடைதான், என்ன செய்வது!)

மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள்: ஒரு இட்லியோடு அவித்த முட்டை வெள்ளைக்கரு, பாசிப்பயறுக் கஞ்சி, உப்பு குறைத்த மீன் குழம்பு. எலுமிச்சையும் கொத்தமல்லியும் நாக்கை எழுப்பும்.

வால்வும் மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் கீரையை அடியோடு விட வேண்டாம். அளவு மட்டும் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் சாப்பாடு குறைந்ததும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை சட்டென்று இறங்கும். சாப்பிடாமலேயே இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினால் அது நீர். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.