வீட்டுத் தேசி, தோடை மரங்களைத் தாக்கும் பூச்சிகளும் அவற்றை அடக்கும் முறைகளும்

திருகோணமலை மாவட்டத்தில் தேசி மரம் இல்லாத வளவு அரிதாகும். தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி ஆகிய இடங்களில் நெல்லும் காய்கறியும் செய்யும் கமக்காரர் கிணற்றடியில் ஒரு தேசியையோ தோடையையோ வைத்திருப்பர். துறைமுகத்தை அடுத்த நகர்ப்பகுதியில் நிலம் சுருங்கியமையால், பலர் இம்மரங்களைச் சாடிகளில் நட்டு முற்றத்திலும் விறாந்தையிலும் வளர்க்கின்றனர். கறிக்கும் ஊறுகாய்க்கும் மருந்துக்கும் வேண்டிய காய்களை ஆண்டு முழுவதும் தரும் இம்மரம் ஒரு குடும்பத்திற்குச் சிறு செல்வமாகும்.

இம்மரத்தில் பூச்சி விழுந்தவுடன், வயலுக்கென வாங்கிய நஞ்சை எடுத்துவந்து தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. வீட்டு மரத்தின் அருகே கிணறு உண்டு. அதன் நிழலிற் குழந்தைகள் விளையாடுவர். அதன் காய் அன்றே பறிக்கப்பட்டு உணவிற் சேரும். ஆகவே வயலுக்குரிய முறை வேறு, வீட்டு மரத்திற்குரிய முறை வேறு என்பதைக் கமக்காரர் முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பூச்சிகள் பெருகும் காலம்

இம்மாவட்டத்திற்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றினாலேயே கிடைக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முதல் மழை விழுந்ததும் தேசியும் தோடையும் இளந்தளிர் விடுகின்றன. தளிரை உண்ணும் புழுக்களும், அதன் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளும் அவ்வேளையிலேயே வந்து சேர்கின்றன. பெரும்போக விதைப்பும் அக்காலத்திலேயே நடைபெறுவதால், வயலில் ஓய்வின்றி உழைக்கும் கமக்காரர் வீட்டு மரத்தைக் கவனிப்பதில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது இளஞ்செடி இலையற்று நிற்கக் காண்பர்.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றின் வறட்சியிலோ செதிற்பூச்சியும் வெண்மூட்டுப்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகும். விறாந்தையில் உள்ள சாடி மரங்களுக்கு இவற்றால் வரும் தீங்கு அதிகம். மழைநீர் அவற்றின் இலைகளைக் கழுவுவதில்லை. பூச்சிகளை உண்ணும் வண்டுகளும் குளவிகளும் அங்கு எளிதில் வருவதில்லை.

இலை தின்னும் புழு

தேசி வண்ணத்துப்பூச்சி இளந்தளிர்களில் முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் கபில நிறமும் வெண்திட்டுக்களும் கொண்டு பறவையின் எச்சம் போலத் தோன்றும். ஆதலால் பலர் அதைப் புழுவென அறியாது விட்டுவிடுவர். வளர்ந்தபின் அது பச்சை நிறம் அடையும். தொட்டால் தலையின் பின்புறத்திலிருந்து கொம்பு போன்ற உறுப்பை நீட்டிக் கடும் மணத்தை வெளிவிடும்.

பெரிய மரத்திற்கு இப்புழுவால் பெருங்கேடு இல்லை. ஒரு முழம் உயரமுள்ள கன்றையோ சில புழுக்களே மொட்டையாக்கிவிடும். இதற்கு மருந்து தேவையில்லை. தளிர் விடும் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையிற் பார்த்து, புழுக்களைக் கையாற் பொறுக்கிச் சவர்க்கார நீரில் இட்டால் போதும். கறிவேப்பிலையிலும் வில்வத்திலும் இதே புழு வாழ்வதால் அவற்றையும் பார்த்தல் நன்று.

இலைச் சுரங்கப் புழு

இளம் இலையின் மீது வெள்ளி போன்ற வளைந்த கோடுகள் காணப்பட்டு, இலை சுருண்டால் அது இலைச் சுரங்கப் புழுவின் வேலையாகும். ஒரு சிறு அந்து இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, இலையின் மேற்றோலுக்குக் கீழே சுரங்கம் அறுத்துச் செல்லும். தோலுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் அடையாது.

சுருண்ட இலைகளையெல்லாம் கிள்ளி எறிதல் தவறு. அவ்விலைகளின் பச்சைப் பாகம் மரத்திற்கு இன்னும் உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும். இலைகளை நீக்கினால் மரம் மீண்டும் தளிர்விட, அத்தளிரில் அந்து மீண்டும் முட்டையிடும். அடிக்கடி கிளை வெட்டுவதையும், யூரியாவை மிகுதியாக இடுவதையும் தவிர்த்தால் தளிர்கள் காலமல்லாக் காலத்தில் வராது, புழுவும் குறையும்.

சாறு உறிஞ்சும் பூச்சிகள்

செதிற்பூச்சி, வெண்மூட்டுப்பூச்சி, அழுக்கணவன், வெண் ஈ என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை. செதிற்பூச்சி இலையின் நடு நரம்பிலும் இளங்கொம்பிலும் அசையாது ஒட்டிக்கிடப்பதால் மரத்தின் ஒரு பாகம் போலவே தோன்றும். நகத்தாற் சுரண்டினால் கழன்றுவிடும். வெண்மூட்டுப்பூச்சி கணுக்களிலும் காய்க் காம்பிலும் பஞ்சு போலக் காணப்படும்.

இலங்கையில் இப்பூச்சிகள் பழைய பகைவர்கள். 1880 களில் பச்சைச் செதிற்பூச்சி கோப்பித் தோட்டங்களிற் பரவி, இலைத்துரு நோயால் ஏற்கெனவே நலிந்திருந்த அப்பயிருக்கு மேலும் கேடு செய்தது. அதே பச்சைச் செதிற்பூச்சி தேசி, தோடை மரங்களிலும் வாழ்வதாகும். இந்நாட்டின் செதிற்பூச்சிகளை ஆராய்ந்து ஏணஸ்ற் கிறீன் என்பவர் எழுதிய நூல் 1896 தொடக்கம் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

இப்பூச்சிகள் உறிஞ்சிய சாற்றின் எஞ்சிய பகுதியை இனிப்பு நீராகக் கழிக்கும். அது இலைகளில் வடிந்து பிசுபிசுக்கும். அதன்மேற் கரும்பூசணம் படரும். இலையிற் கரி பூசியது போன்ற தோற்றத்தைக் கண்டு, மரத்திற்கு நோய் வந்ததெனப் பலர் எண்ணுவர். பூச்சியை அகற்றினால் கரும்பூசணம் தானாகவே காய்ந்து உதிரும்.

இளந்தளிரில் 3 மில்லிமீற்றர் அளவான கபில நிறப் பூச்சி, பின்புறத்தை உயர்த்திச் சாய்வாக அமர்ந்திருக்குமாயின் அது சில்லிட் பூச்சியாகும். பசுமையாதல் நோய் எனப்படும் கொடிய நோயைப் பரப்புவது இதுவே. இந்நோய் கண்ட மரத்தின் இலைகளில் மஞ்சள் திட்டுக்கள் நடு நரம்பின் இருபுறமும் ஒவ்வாத வகையில் தோன்றும். காய்கள் சிறுத்துக் கோணும். இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. அவ்வாறே கரிய அழுக்கணவன் பரப்பும் திரிஸ்தேசா என்னும் வைரசு நோய், 1930 களிலும் 1940 களிலும் பிரேசிலிலும் ஆர்ஜென்ரீனாவிலும் பல இலட்சம் தோடை மரங்களை அழித்தது. ஆதலால் நோயுள்ள மரத்திலிருந்து ஒட்டுக்கிளை எடுத்தலும், மூலம் தெரியாத கன்றை வாங்குதலும் கூடாது.

எறும்பைத் தடுத்தல்

இனிப்பு நீரை நாடி எறும்புகள் மரத்தில் ஏறும். அவை செதிற்பூச்சிகளையும் அழுக்கணவனையும் உண்ணவரும் வண்டுகளைத் துரத்திவிடும். எனவே மரத்தில் எறும்பு வரிசையாக ஏறக் கண்டால், மேலே சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கின்றதெனக் கொள்ளலாம். சாடியை ஒரு சிறு மேசைமீது வைத்து, உணவு அலுமாரிக்குச் செய்வதுபோல மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கிளைகள் சுவரையோ கம்பியையோ தொடாதிருத்தல் வேண்டும். கிண்ணத்து நீரிற் சிறிது சவர்க்காரம் கரைத்து, கிழமைக்கு ஒருமுறையேனும் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுதல் அவசியம். 2017 ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பகுதியில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியதை மறத்தல் ஆகாது.

முசுறு எனப்படும் சிவந்த எறும்பின் நிலை சற்று வேறு. சீன தேசத்தில் கி.பி. 304 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் நூலொன்று, முசுற்றுக் கூடுகளைச் சந்தையில் வாங்கித் தோடை மரங்களிற் கட்டும் வழக்கத்தைக் கூறுகின்றது. முசுறு புழுக்களையும் பழத்தைத் துளைக்கும் நாவாய்ப்பூச்சிகளையும் பிடித்துண்ணும். ஆயினும் அதுவும் செதிற்பூச்சியைக் காப்பதுண்டு. வளவின் ஓரத்திலுள்ள பெரிய மரத்தில் முசுறு இருப்பின் விட்டுவிடலாம். விறாந்தைச் சாடியில் அதற்கு இடமளித்தல் ஆகாது.

நன்மை செய்யும் வண்டுகள்

ஒரு நாட்டின் தோடைச் செய்கையையே ஒரு சிறு வண்டு காப்பாற்றிய வரலாறு உண்டு. அவுஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பரவிய பஞ்சுச் செதிற்பூச்சி அங்குள்ள தோட்டங்களை அழிக்கத் தொடங்கியபோது, அல்பேட் கோபெல் என்பவர் 1888 இல் அவுஸ்திரேலியா சென்று, அப்பூச்சியை உண்ணும் வெடாலியா வண்டுகளை அனுப்பினார். 1889 முடிவதற்குள் பூச்சி அடங்கியது. தமிழ்நாட்டின் நீலகிரியில் அதே பூச்சி தோன்றியபோதும், 1929 ஆம் ஆண்டளவில் இவ்வண்டே தருவிக்கப்பட்டது.

நம் வளவுகளிலும் பொறிவண்டுகள் உண்டு. அவற்றின் புழுக்கள் முதலைக்குட்டி போலக் கரிய நிறத்துடன் காணப்படும். இவற்றையும் தீய பூச்சியென எண்ணி நசுக்குதல் கூடாது. கடும் நஞ்சைத் தெளித்தால் முதலில் மடிவன இவையே. செதிலின் மறைவிலுள்ள பூச்சியோ பிழைத்து முன்னிலும் பெருகும்.

அடக்கும் முறைகள்

முதலாவது, கழுவுதல். சாடி மரத்தைக் கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்து, இலைகளின் அடிப்புறம் நன்கு நனையுமாறு நீர் பாய்ச்ச வேண்டும். அழுக்கணவனும் சிற்றுண்ணியும் இதனாலேயே பெரிதும் குறையும்.

இரண்டாவது, துடைத்தல். செதிற்பூச்சியையும் வெண்மூட்டுப்பூச்சியையும் சவர்க்கார நீரில் நனைத்த துணியாலோ பழைய பற்தூரிகையாலோ தேய்த்து அகற்றலாம். பூச்சி மொய்த்த சிறு கொம்புகளை வெட்டி எரித்தல் வேண்டும்.

மூன்றாவது, சவர்க்காரக் கரைசல். 1 லீற்றர் நீருக்கு 5 கிராம் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிக் கரைக்கவும். சலவைத் தூள் இலையைக் கருக்குமாதலால் ஆகாது. கடலோரக் கிணற்று நீரிற் சவர்க்காரம் திரிவதுண்டு. அங்கு மழைநீரைப் பயன்படுத்தவும். முதலிற் சில இலைகளில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பார்த்து, இலை கருகாதாயின் முழு மரத்திற்கும் தெளிக்கலாம்.

நான்காவது, வேப்பங்கொட்டைச் சாறு. உலர்ந்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்துச் சிறிது சவர்க்காரம் சேர்க்கவும். வெயில் இதன் வலுவைக் குறைக்கும்; ஆகவே மாலையிலே தெளித்தல் வேண்டும். ஆக்கிய சாற்றை அன்றே பயன்படுத்துக. இவ்விரு கரைசல்களும் முட்டைகளை முற்றாக அழிப்பதில்லை. எனவே 7 தொடக்கம் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தல் அவசியம்.

புதிய கன்று வாங்கினால் மூன்று, நான்கு கிழமைக்கு ஏனைய மரங்களிலிருந்து பிரித்துவைத்துப் பார்த்த பின்னரே சேர்த்தல் நன்று. சாடி மரத்திற்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் வேண்டும். இருட்டில் நின்று மெலிந்த மரத்தையே பூச்சி நாடும்.

பூச்சியல்லாத கேடுகள்

இலையின் நுனியும் ஓரமும் கருகினால் எப்போதும் பூச்சியைக் குற்றங் கூறலாகாது. உவர்நீர் ஊற்றுவதாலும், கடற்காற்றின் உப்பாலும் இவ்வாறு நேரும். சாடியில் நல்ல நீரை அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி உப்பைக் கழுவினால் புதிய இலைகள் நலமாக வரும். பூச்சியைக் கண்ணாற் கண்டபின்பே மருந்தைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

வயல் நஞ்சும் வீடும்

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட நஞ்சுகளையே விற்கலாம். மிகக் கொடிய மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. இவற்றால் நேர்ந்த உயிரிழப்புக்களே இத்தடைகளுக்குக் காரணமாகும்.

சிட்டையிற் குறித்த பயிருக்கும் அளவுக்கும் மேலாக எந்த நஞ்சையும் வீட்டு மரத்திற்குத் தெளித்தல் கூடாது. வயலிற் களைநாசினி தெளித்த கருவியை வீட்டு மரத்திற்கு எடுத்தால், அடியில் எஞ்சிய சிறு துளியே மரத்தைக் கருக்கக்கூடும். அக்கருவியைக் கிணற்றடியிற் கழுவுதலும், மிஞ்சிய நஞ்சைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தலும் உயிருக்கு ஆபத்தானவை. தாகத்தால் அதை எடுத்துக் குடிக்கும் குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. யாரேனும் நஞ்சை உட்கொண்டால், காலம் தாழ்த்தாது, நஞ்சுக் கலத்தையும் உடன் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

பசுமையாதல் நோயின் அறிகுறி தோன்றினாலோ, கூறிய முறைகளால் பூச்சி அடங்காவிட்டாலோ, பூச்சியுள்ள சில இலைகளைக் கட்டிய பையில் இட்டு, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறலாம்.

வீட்டு மரம் ஒன்று இரண்டே ஆதலால், அதைக் காக்கக் கையும் நீரும் சவர்க்காரமும் வேப்பங்கொட்டையும் பெரும்பாலும் போதுமானவை. பெரும்போக விதைப்பின் நெருக்கடியிலும் காலையிற் சில நிமிடங்களை மரத்தடியிற் செலவிடும் கமக்காரர், நஞ்சுக்குப் பணம் செலவிடாது, அச்சமின்றி உண்ணத்தக்க காய்களைத் தம் குடும்பத்திற்குப் பெறுவர்.