நஷ்டஈடு கேட்பது இழிவன்று!

மோட்டார் சைக்கிள் விபத்தில் கைகால் முறிந்து கிடப்பவரை நலம் விசாரிக்கச் செல்வோர் பெரும்பாலும் கூறிவிட்டு வரும் ஆறுதல் ஒன்றுண்டு. "உயிர் தப்பியதே பெரிது, அல்ஹம்துலில்லாஹ்! இனி கோர்ட், வழக்கு என்று அலைய வேண்டாம். நஸீபு என்று விட்டுவிடுங்கள்." நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான் இது. ஆனால், உழைத்துக் கொண்டிருந்த கை முடங்கிய வீட்டில் நாளை அடுப்பு எரிவது எங்ஙனம் என்ற கேள்விக்கு இச்சொல்லில் விடை இல்லையே!

வாசகப் பெருமக்களே! கத்ரை நம்புவது நமது ஈமானின் ஓர் அங்கம். அதனைக் கடமையாக்கிய மார்க்கமே, தவறுதலாக நிகழ்ந்துவிட்ட கொலைக்கும் 'தியத்' எனும் ஈட்டுத்தொகையை விதித்துள்ளது என்பதைத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 92ஆம் வசனத்தில் காணலாம். உறுப்புச் சேதங்களுக்கு 'அர்ஷ்' என்ற பெயரில் ஈட்டுத்தொகையை ஃபிக்ஹு நூல்கள் தனித்தனியே வகுத்துரைக்கின்றன. அளவு வகுக்கப்படாத காயத்திற்கு நீதிபதி மதிப்பிட்டுத் தொகை விதிப்பார். விட்டுக்கொடுத்தல் மேலான குணமே. ஆனால், விட்டுக்கொடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டோருக்கு உரியது. அவர் சார்பில் பேச வந்திருக்கும் மற்றவர்களுக்கு உரியதன்று.

நமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1988, இவ்வுரிமையைத் தெளிவாக வழங்கியுள்ளது. எல்லா வாகனங்களுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று அது கூறுவதன் நோக்கம், வாகன உரிமையாளர் ஏழையாயிருப்பினும் காயமுற்றவர் கைவிடப்படலாகாது என்பதே. ஆகவே, மோதிய ஓட்டுநரை மனத்தால் மன்னித்துவிட்டு, அவ்வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்திடம் உரிய தொகையைக் கோருவதில் முரண்பாடு ஏதும் இல்லை.

அவசரச் சமாதானம்

விபத்து நடந்த ஓரிரு நாளில், "வழக்கு வேண்டாம், மருத்துவச் செலவுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று எதிர்த்தரப்பினர் வருவதுண்டு. வலியும் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து வாட்டும் வேளையில், கேட்ட இடத்தில் கையொப்பமிட்டுவிடுவோர் பலர். முறிந்த எலும்பு எப்படிக் கூடும், மூட்டு முன்போல் மடங்குமா, மீண்டும் அறுவை தேவைப்படுமா என்பதெல்லாம் சில மாதங்கள் கழிந்த பின்னரே தெரியும். இழப்பின் அளவே தெரியாதபோது அதற்கு விலை பேசலாமா? சமாதானம் பேசும் ஜமாஅத் பெரியவர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

முதல் நாளில் எழுதப்படுவது

மருத்துவமனையில் சேர்த்தவுடன், காயம் எவ்வாறு நேர்ந்தது என்று விபத்துப் பதிவேட்டில் குறிப்பார்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று வழங்கப்படுவது இதுவே. பதற்றத்தில் உறவினர் ஒருவர், "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொல்லி, அதுவே பதிவாகிவிடுமாயின், பிறிதொரு வாகனம் மோதியது என்று பின்னர் நிறுவுவது மிகக் கடினம். நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள். மோதிய வாகனத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை. புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையை அளிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை எழுத்தில் அவருக்குத் தருவதும் அவர்களது கடமையாகும். கேட்டுப் பெறுங்கள்.

வீட்டிலுள்ள பெண்மணிகள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு கோப்பைத் தனியே வைத்து, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்றிதழ், மருத்துவமனைக்குச் சென்றுவந்த ஆட்டோ கட்டணம், வயதுச் சான்று, வருமானச் சான்று என அனைத்தையும் நாள்வாரியாக அதில் சேர்த்து வாருங்கள். நாளை தீர்ப்பாயத்தில் பேசப்போவது அந்தக் காகிதங்களே.

எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தல் வேண்டும். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றமும், மாவட்டங்களில் உரிய நீதிமன்றங்களும் இப்பணியை மேற்கொள்கின்றன. விபத்து நடந்த ஊரில்தான் வழக்கிட வேண்டும் என்பதில்லை. சென்னையில் அடிபட்ட கீழக்கரைக்காரர் தாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் வந்துள்ளது. இவ்வரம்பை எதிர்த்த வழக்குகளில், காலங்கடந்தது என்ற காரணத்திற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அதனை நம்பிக் காலம் தாழ்த்துவது அறிவுடைமையாகாது.

மோதிய வண்டி நிற்காமல் ஓடி, எண்ணும் தெரியவில்லையா? அப்போதும் வழியுண்டு. கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும், உயிரிழப்புக்கு 2 இலட்சமும் வழங்கும் அரசுத் திட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

தொகை கணக்கிடப்படும் விதம்

மருத்துவச் செலவு மட்டுமே நஷ்டஈடு என்று கருதிவிடாதீர்கள். படுத்திருந்த காலத்து வருமான இழப்பு, உடனிருந்து கவனித்தவரின் உழைப்பு, சத்துணவு, போக்குவரத்து, வலியும் வேதனையும், இனி வரும் மருத்துவச் செலவு, நிரந்தர ஊனத்தால் வரும் வருமான இழப்பு ஆகிய யாவும் அதில் அடங்கும்.

இவற்றுள் நிரந்தர ஊனம் குறித்து 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அரிய விளக்கத்தைத் தந்தது. மருத்துவர் கூறும் ஊன விழுக்காடு வேறு. அதனால் ஒருவர் தம் தொழிலில் இழக்கும் சம்பாதிக்கும் திறன் வேறு. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

34 வயதுத் தையற்காரர். மாத வருமானம் 15,000 ரூபாய். வலக்கை மணிக்கட்டு முறிந்து, முன்போல் வளையவில்லை. எதிர்கால வளர்ச்சிக்காக 40 விழுக்காடு சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக மொத்தம் 40,32,000 ரூபாய். உடல் முழுமைக்கும் ஊனம் 20 விழுக்காடு என்று மட்டும் கொண்டால், வருமான இழப்பு 8,06,400 ரூபாய். கத்தரி பிடிக்க இயலாமையால் பாதித் தொழில் போயிற்று என்று சாட்சியத்தால் நிறுவினாலோ 20,16,000 ரூபாய்! அதே காயம் ஒரு கடைக் கணக்கருக்கு நேர்ந்தால் கணக்கு வேறு. ஆதலால் மருத்துவச் சான்றோடு நின்றுவிடாது, உங்கள் தொழில் யாது, அதில் எந்த வேலையை இன்று செய்ய இயலவில்லை என்பதையும் நிறுவுதல் இன்றியமையாதது.

"அவள் வீட்டில் இருப்பவள்தானே, வருமானம் ஏது?" என்று இல்லத்தரசியின் காயத்தைத் தள்ளிவிடாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பணமதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2010லும் 2021லும் வலியுறுத்தியுள்ளது.

காப்பீட்டு நிறுவனம் முன்வந்து ஒரு தொகையைத் தரச் சம்மதிக்கலாம். ஏற்றுக்கொண்டால் அத்துடன் மனு முடிவுறும். லோக் அதாலத்தில் உடன்பட்டாலும் மேல்முறையீடு இல்லை. எனவே மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே தலையசையுங்கள்.

சில ஐயங்கள்

ஓட்டுநர் உரிமம் இல்லாததால் மட்டுமோ, மூவர் சென்றதால் மட்டுமோ கோரிக்கை வீழ்ந்துவிடாது. அத்தவறு விபத்துக்குக் காரணமாயிற்றா என்பதே கேள்வி. காரணமாயின் தொகை குறையும்.

தாமாகவே சறுக்கி விழுந்தவருக்கு மூன்றாம் நபர் காப்பீடு உதவாது. நம் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து வருபவரும், சட்டம் கட்டாயமாக்கியுள்ள குறைந்த அளவுக் காப்பீட்டில் அடங்கமாட்டார். மனைவி மக்களை ஏற்றிச் செல்வோர் பாலிசியைப் புதுப்பிக்கும்போது இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

காப்பீடே இல்லாத நம் வண்டி பிறரை மோதினால், அந்நஷ்டஈடு நம் வீட்டை விற்றும் கட்ட வேண்டியதாகலாம். 16 வயது மகனிடம் சாவியைக் கொடுப்போருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வைத்துள்ளது.

பொய் கலவாதிருக்கட்டும்

மருத்துவமனை வாசலிலேயே தரகர்கள் வருவார்கள். "வண்டி எண்ணை மாற்றிக்கொள்ளலாம், ஊனத்தைக் கூட்டிப் போடலாம், கிடைப்பதில் இவ்வளவு எங்களுக்கு" என்பார்கள். செவி சாய்க்காதீர்கள். பொய்ச்சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று; அதன்வழி வரும் பணம் நம் பிள்ளைகளின் வயிற்றில் ஹராமாகவே இறங்கும். கிடைக்கும் நஷ்டஈட்டில் பங்கு பேசிக் கட்டணம் பெறுவதை வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிகளும் தடுக்கின்றன. வசதியற்றோர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பின்றியே இவ்வுதவி உண்டு.

மஹல்லாதோறும் படித்த இளைஞர்கள் இருவர் இம்முறைகளை அறிந்து வைத்திருந்தால், விபத்தில் சிக்கிய குடும்பத்துடன் காவல் நிலையத்திற்கும் தீர்ப்பாயத்திற்கும் சென்று வரலாம். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. அவரது உரிமை பறிபோகாமல் துணை நிற்பது அந்நலம் விசாரிப்பை முழுமையாக்கும். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.