வைக்கோல் வாரும் ரேக்: சொந்தமா வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? 2 ஏக்கர் விவசாயிக்கு எது லாபம்?

நெல் அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறியதும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். நெல் மூட்டைக்குப் போய்விடும், வைக்கோல் வயலிலேயே கிடக்கும். அதை எப்படி வாரி, எப்போது கட்டி, எப்படி வீடு சேர்ப்பது என்பதில்தான் அடுத்த சில மாதங்களுக்கான மாட்டுத் தீவனம் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டி இருக்கும் கண்டமங்கலம் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் ஒரு பக்கம், கறவை மாடு இன்னொரு பக்கம். கவைக்கோலால் வைக்கோலைக் கிளறி, வாரி, போர் போட ஆள் கிடைத்த காலம் வேறு. இப்போது டிராக்டரில் மாட்டும் வைக்கோல் வாரும் கருவி, அதாவது ‘ரேக்’ வாங்கலாமா என்ற யோசனை பல சிறு விவசாயிகளுக்கு வருகிறது. வாங்கலாமா, வேண்டாமா? வாங்க, விரிவாகப் பார்ப்போம்.

ரேக் என்ன வேலை செய்யும்?

வயலில் பரவிக் கிடக்கும் வைக்கோலைச் சீப்பு போல வாரி, ஒரே நீள வரிசையாக ஒதுக்குவதுதான் ரேக்கின் வேலை. அது கட்டுக் கட்டாது. கட்டுவது ‘பேலர்’ எனப்படும் வைக்கோல் கட்டும் இயந்திரம். ரேக் ஒதுக்கிய வரிசை மீது பேலர் ஓடி, வைக்கோலை உருட்டி, கயிறு சுற்றி வெளியே தள்ளும். நம்ம ஊரில் ஓடும் சிறிய உருளைக் கட்டுகள் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ வரை இருக்கும்.

எல்லோருக்கும் ரேக் தேவையா?

இல்லை. பலர் கவனிக்காமல் விடும் விஷயம் இது. அறுவடை இயந்திரம் வைக்கோலைத் துண்டாக்காமல், பின்பக்கம் வரிசையாக விட்டுச் சென்றால், அதன் மீது பேலர் நேராகவே ஓடிவிடும். ரேக் தேவைப்படுவது மூன்று சூழலில்தான்:

* அறுவடை இயந்திரம் வைக்கோலைச் சிதறடித்து விட்டிருந்தால்
* அறுத்த பிறகு மழை பெய்து, வைக்கோலைப் புரட்டிப் போட்டுக் காய வைக்க வேண்டியிருந்தால்
* வரிசைகள் மெல்லியதாக இருந்து, இரண்டை ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தால்

ஜனவரி, பிப்ரவரியில் வரும் சம்பா அறுவடையில் வெயில் கைகொடுக்கும். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும் சொர்ணவாரி அறுவடையில் சாயங்கால மழை சகஜம். அப்போதுதான் ரேக்கின் அருமை தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. பேலருக்கு ‘கட்டுக்கு இவ்வளவு’ என்று கூலி கொடுத்தால், இரண்டு வரிசையை ஒன்றாக்குவதால் உங்களுக்குச் செலவு குறையாது. மணிக்கணக்கில் கூலி என்றால் பேலர் ஓடும் தூரம் பாதியாகும், கூலியும் குறையும். எனவே ரேக் பற்றி யோசிக்கும் முன், பேலர்காரரிடம் கூலிக் கணக்கைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வைக்கோல் வீணானால் எவ்வளவு நஷ்டம்?

ஒரு எளிய கணக்கு. ஒரு விவசாயிக்கு 2 ஏக்கர் நெல், 3 மாடு என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 1 டன் வீதம் வாரினால் மொத்தம் 2,000 கிலோ வைக்கோல். 20 கிலோ கட்டாக 100 கட்டு. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ என்றால், 3 மாட்டுக்கு 15 கிலோ. இந்த 100 கட்டு 133 நாளைக்கு வரும்.

இதில் கால் பங்கு, டிராக்டர் டயரில் மிதிபட்டோ மழையில் அழுகியோ போய்விட்டால் மிஞ்சுவது 1,500 கிலோ. அது 100 நாளைக்குத்தான். அதாவது ஒரு மாதத்துக்கும் மேலான தீவனத்தை வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரேக் வாங்கும் செலவை இந்த ஒரு மாதத் தீவனச் செலவோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை வகை ரேக் இருக்கு?

*கை ரேக்:* மரம், மூங்கில் அல்லது இரும்புப் பல் வைத்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கருக்கு இதுவே போதும். வரப்பு ஓரம், மூலை முடுக்குகளில் டிராக்டர் நுழையாத இடத்துக்கு எப்போதும் இதுதான்.

*சக்கர ரேக்:* விரல் போன்ற கம்பிகள் கொண்ட நாலைந்து பெரிய சக்கரங்கள் சாய்வாக இருக்கும். தரையில் உரசியபடி தானாகச் சுற்றும். டிராக்டரின் பிடிஓ சக்தி தேவையில்லை என்பதால் மினி டிராக்டரே இழுத்துவிடும். அமைப்பு எளிது, பழுது குறைவு, விலையும் மற்ற டிராக்டர் ரேக்குகளை விடக் குறைவு. குறை என்னவென்றால், கம்பி தரையைத் தொட்டு ஓடுவதால் மண்ணும் கல்லும் வைக்கோலோடு சேர்ந்து வரும்.

*சுழல் ரேக்:* மேலிருந்து பார்த்தால் மின்விசிறி போலச் சுற்றும் கைகள், அதன் முனையில் கம்பிப் பற்கள். பிடிஓ-வில் ஓடும். வைக்கோலை மெதுவாகத் தூக்கி, காற்றோட்டமான வரிசையாகப் போடும். மண் குறைவு, இலை உதிர்வதும் குறைவு. ஆனால் விலை அதிகம், கியர் பெட்டி இருப்பதால் பராமரிப்பும் அதிகம்.

நெல் வைக்கோலுக்கு மட்டும் என்றால் சக்கர ரேக்கே தாங்கும். வைக்கோல் முரட்டுத்தனமானது, உதிர்வதற்கு அதில் இலை அதிகம் இல்லை. கடலைக்கொடி கதை வேறு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. நிலக்கடலை ரகங்கள் பேர் பெற்ற பகுதி இது. கடலைக்கொடியின் சத்து இலையில்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் வாரினால் இலை மண்ணிலேயே உதிர்ந்து, வெறும் தண்டுதான் வீடு சேரும். அதனால் காலையில் பனி ஈரம் லேசாக இருக்கும்போதே கையால் வாருவதுதான் சிறு விவசாயிக்கு ஏற்றது.

சொந்தமா? வாடகையா?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்ட். இரண்டரை மீட்டர் அகலம் வாரும் ரேக், திரும்பும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் 2 ஏக்கருக்கு மேல் முடித்துவிடும். அப்படியானால் 2 ஏக்கர்காரர், வருஷத்துக்கு இரண்டு போகம் என்றாலும், ரேக்கைப் பயன்படுத்துவது மொத்தமே இரண்டு மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் அது கொட்டகையில் துருப்பிடிக்கும்.

விலை 1 லட்சம் ரூபாய், ஆயுள் 10 ஆண்டு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஆகிறது.

* வருஷத்துக்கு 4 ஏக்கர் மட்டும் ஓடினால்: ஏக்கருக்கு 2,500 ரூபாய்
* 10 பேர் சேர்ந்து 50 ஏக்கர் ஓட்டினால்: ஏக்கருக்கு 200 ரூபாய்

டீசல், டிரைவர் கூலி தனி. ஆக, தனி ஆளாக வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. உழவர் குழுவாகவோ, பக்கத்து வயல்களுக்கு வாடகைக்கு ஓட்டும் எண்ணத்தோடோ வாங்கினால்தான் கணக்கு உதைக்காது.

மானியம் கிடைக்குமா?

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில், சிறு, குறு, பெண், பட்டியலின மற்றும் பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு. கருவிக்கு ஏற்ப உச்சவரம்பும் உண்டு. 2018-ல் வந்த ‘உழவன்’ செயலியில் பதிவு செய்யலாம், அல்லது வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம். ஆதார், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், சிறு-குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. அனுமதி வரும் முன்பே கடையில் பணம் கட்டி வாங்கிவிட்டால் மானியம் கைக்கு வராமல் போகலாம். முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதற்குப் பிறகுதான் கருவி.

வாடகைக்கு வேண்டுமென்றால், வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களையும் உழவன் செயலி வழியாகவே முன்பதிவு செய்யலாம். அறுவடை உச்சத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள் என்பதால், நெல் பழுக்கும்போதே பதிந்து வைப்பது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* உங்கள் டிராக்டர் எத்தனை குதிரைத்திறன்? ரேக்கை இழுக்கும் மினி டிராக்டர் பேலரை இழுக்காது. உருளை பேலருக்குப் பொதுவாக 35 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும்.
* வயல் மடையிலும் வண்டிப்பாதையிலும் நுழையும் அகலமா? மடக்கும் வசதி உண்டா?
* உடையும் கம்பிப் பற்கள் பக்கத்து ஊரில் கிடைக்குமா?
* பல்லின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா?

காசு செலவில்லாத நாலு வழி

1. அறுவடை தொடங்கும் முன்பே டிரைவரிடம் ‘வைக்கோலை வரிசையா விடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். முடிந்தவரை தாழ்த்தி அறுக்கச் சொன்னால் வைக்கோலும் கூடும்.
2. நெல் ஏற்றும் டிராக்டரை வரப்பு ஓரமாகவே ஓட்டச் சொல்லுங்கள். மிதிபட்ட வைக்கோலை எந்த ரேக்காலும் முழுசாக எடுக்க முடியாது.
3. ஒரு கைப்பிடி வைக்கோலை முறுக்கிப் பாருங்கள். ‘மொடமொட’ என்று ஒடிந்தால் கட்டலாம். துவண்டால் இன்னொரு வெயில் வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறி, பூஞ்சை பிடித்து, மாடு முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிடும்.
4. கட்டுகளை வெறும் தரையில் அடுக்காமல், கட்டை அல்லது கல் மேல் அடுக்குங்கள். முதல் வாரத்தில் கட்டுக்குள் கைவிட்டுச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு ஏக்கர் வரை கை ரேக் போதும். 2 முதல் 5 ஏக்கர் வரை வாடகைதான் லாபம். குழுவாகச் சேர்ந்து 40, 50 ஏக்கர் ஓட்ட முடியும் என்றால், மானியத்தில் ஒரு சக்கர ரேக் வாங்கலாம். எதை எடுத்தாலும், அறுவடை வண்டி வயலில் இறங்கும் முன் டிரைவரிடம் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறந்துவிடாதீங்க. பல வயல்களில் ரேக்குக்கே வேலை இல்லாமல் போய்விடும்.