அன்னாசியின் சுற்றத்தார் நம் காட்டில் இல்லாதது ஏன்?

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் வட்டாரத்தில், மக்கிய இலைதழை படிந்த சதுப்பு மண்ணில் அன்னாசி செழித்து விளைகிறது. சிங்கப்பூரிலோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அன்னாசியைத் தகரக்குவளைகளில் அடைத்து ஏற்றுமதி செய்யும் தொழில் தழைத்திருந்தது. அத்தொழிலில் ‘அன்னாசி அரசர்’ எனப் பெயர் பெற்ற லிம் நீ சூனின் பெயரையே இன்றைய ஈசூன் நகர் தாங்கி நிற்கிறது. இத்துணை நெருங்கிப் பழகிய செடியை நம் மண்ணுக்கே உரியதென்று மாணவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆயினும் பெயரே அதன் ஊரைச் சொல்லிவிடுகிறது. தமிழில் அன்னாசி என்றும் மலாய்மொழியில் நானாஸ் என்றும் வழங்கும் சொற்கள், தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் துப்பி-குவரானி மொழிகளில் பிறந்து, போர்த்துக்கீசியரின் நாவில் ஏறிக் கடல் கடந்தவை. குவாதலூப்பே தீவில் கொலம்பசு இப்பழத்தைக் கண்டது 1493ஆம் ஆண்டில். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்குள் ஐரோப்பியக் கப்பல்கள் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்துவிட்டன.

அன்னாசி தனித்த செடியன்று. புரோமிலியேசியே எனப்படும் அதன் குடும்பத்தில் 3,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. சுவீடன் நாட்டு மருத்துவரும் தாவரவியலாளருமான புரோமீலியசின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. ஒரே குடும்பத்தார்தாமா என ஐயுறும் அளவுக்கு இவ்வினங்கள் வேறுபடுகின்றன. ஆண்டீசு மலையில் மூவாயிரம் மீட்டருக்கும் மேலான குளிர்வெளியில் வளரும் பூயா ரைமொண்டி, பல பத்தாண்டுகள் காத்திருந்து, பனையளவு உயர்ந்த பூந்தண்டை ஒரே ஒருமுறை எழுப்பிவிட்டு மடிகிறது. புளோரிடாவின் ஓக் மரங்களில் நரைத்த தாடிபோல் தொங்கும் ‘ஸ்பானியப் பாசி’யும் இக்குடும்பத்ததே. பாசி என்பது பெயரளவில்தான். அது பூத்து விதை தரும் செடி. மண்ணையே தொடாத இச்செடி, இலைகளை மூடியுள்ள நுண்செதில்களால் மழைநீரையும் பனிநீரையும் உறிஞ்சி வாழ்கிறது.

இக்குடும்பத்தில் என்னைப் பெரிதும் கவர்ந்தவை ‘தொட்டிச் செடிகள்’. மரக்கிளைகளில் தொற்றி வாழும் இவற்றின் இலைகள் அடியில் ஒன்றையொன்று நெருக்கமாகத் தழுவிக் கிண்ணமாகின்றன. அதில் மழைநீர் தேங்குகிறது. உதிர்ந்த இலைகள் மக்கி உரமாகின்றன. மண் இல்லாத இடத்தில் செடி தனக்கென ஒரு குளத்தை வெட்டிக்கொண்டது எனலாம். குளம் இருந்தால் குடியிருப்போரும் உண்டல்லவா? ஜமைக்காவில் ஒரு நண்டினம் இக்கிண்ணங்களில்தான் குஞ்சுகளை வளர்க்கிறது. தாய் நண்டு உதிர்ந்த இலைகளை அகற்றுகிறது. வெற்று நத்தை ஓடுகளைக் கொணர்ந்து நீரில் இடுகிறது. ஓட்டின் சுண்ணாம்பு நீரின் அமிலத்தன்மையைத் தணித்து, குஞ்சுகளின் மேலோடு உறுதிப்படவும் உதவுகிறது.

நண்டுக்கு உதவிய குளம் மனிதருக்கு நோயும் தந்தது. திரினிடாட் தீவின் கொக்கோத் தோட்டங்களில் மலேரியா ஓயாதிருந்தது. சதுப்பை வடித்தால் கொசு ஒழியும் என்னும் வழக்கமான வழி அங்குப் பலிக்கவில்லை. அனோபிலிசு பெல்லேட்டர் என்னும் கொசு தரையை விட்டு, நிழலுக்காக நட்ட கல்யாணமுருங்கை இன மரங்களின் மேல், இச்செடிகளின் கிண்ணங்களில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. 1940களில் காலின் பிட்டன்ட்ரிக் இக்கொசுக்களை விரிவாக ஆராய்ந்தார்; மரத்தின் எவ்வுயரத்தில் எவ்வினக் கொசு பறக்கிறது என்பது வரை கணக்கெடுத்தார். செப்புச் சல்பேட்டுக் கரைசல் தெளித்துச் செடிகள் அழிக்கப்பட்டன. நம் வீட்டு முற்றங்களில் அழகுக்காக இச்செடிகளை வளர்ப்போர், ஏடிசு கொசுவை எண்ணி அவற்றின் இலையடியில் தேங்கும் நீரை அகற்றவேண்டியிருப்பதும் இக்காரணத்தால்தான்.

இனி, தலைப்பிலுள்ள வினாவுக்கு வருவோம். வடக்கே அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து தெற்கே சிலி, அர்ஜென்டினா வரை பரவிய இக்குடும்பத்தில் ஓர் இனமேனும் ஆசியக் காடுகளில் இயற்கையாக இல்லை. வகுப்பில் இதைக் கேட்டால் ‘தட்பவெப்பம் ஒவ்வாது’ என்ற விடையே முதலில் வரும். பொந்தியானின் தோட்டங்களே அதை மறுக்கின்றன. வெப்பமும் மழையும் இங்கும் உண்டு, நட்டால் வளர்கிறது. தானாக வந்து சேர வழியில்லாததே காரணம்.

மரபணு ஒப்பீடுகள் இக்குடும்பத்தின் தொட்டிலாகக் காட்டுவது, தென்னமெரிக்காவின் வடக்கிலுள்ள கயானாப் பீடபூமியை. இக்கால்வழி ஏறத்தாழ 10 கோடி ஆண்டு முதுமையுடையது. ஆனால் இன்றுள்ள கிளைகள் பிரியத் தொடங்கியது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பின்னர் ஆண்டீசு உயர்ந்தபோது புதிய சரிவுகளும் மூடுபனிக் காடுகளும் தோன்ற, இனங்கள் பெருகின. ஓசனிச்சிட்டுகள் பலவற்றுக்கு மகரந்தம் சுமந்தன. இப்பெருக்கமெல்லாம் நிகழ்ந்தபோது அட்லாண்டிக் பெருங்கடல் அகன்றுவிட்டிருந்தது. இறகு போன்ற மயிரிழைகளால் கிளைவிட்டுக் கிளை தாவும் விதைக்கு அது பெருந்தொலைவு.

ஒரே ஒரு விதிவிலக்குண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பாறைகளில் பிட்கேர்னியா ஃபெலிசியானா என்னும் இனம் வளர்கிறது. கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்தின் எச்சம் இதுவென எண்ணத் தோன்றும். அதன் மரபணுவோ, அமெரிக்க உறவினரிடமிருந்து அது பிரிந்து ஏறத்தாழ 1 கோடி ஆண்டுதான் ஆகிறது என்கிறது. கண்டங்கள் பிரிந்தது அதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பு. ஆகவே அதன் மூதாதை கடலைத் தாண்டியே வந்திருக்கவேண்டும்.

அப்படியானால் நம் மரக்கிளைகளில் அவ்விடத்தை நிரப்பியவர் யார்? சிங்கப்பூரின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பார்த்தால் விடை கிடைக்கும். இலைகளைக் கூடையாக விரித்து உதிரும் சருகைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பறவைக்கூட்டுப் பெரணி அங்கே அமர்ந்திருக்கிறது. தூங்குமூஞ்சி மரமும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். திரினிடாட்டில் அதே மரத்தின் கிளைகள் அன்னாசிச் சுற்றத்தாரைச் சுமக்கின்றன. இங்கே பெரணியையும் ஆர்க்கிட்டுகளையும் சுமக்கின்றன.