ஊதியமின்றி உழைத்த அறிஞர்

கணவர் வேலைக்காக ஊர்விட்டு ஊர் பெயர்வது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. அவ்வாறு பெயர்ந்த மாதரசி ஒருவரின் வரலாறு இது.

மரியா கோப்பெர்ட் மேயர் 1906-இல் அந்நாளைய ஜெர்மனியின் கட்டோவிட்ஸ் நகரில் பிறந்தார். 1930-இல் கோட்டிங்கனில் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்கரான கணவருடன் பால்ட்டிமோர் சென்றார். ஒரே குடும்பத்தில் இருவருக்குப் பதவியில்லை என்னும் விதி குறுக்கிட்டது. ஆண்டுகள் பல ஏறக்குறைய ஊதியமின்றியே ஆராய்ந்தார்.

1946-இல் சிக்காகோ சேர்ந்தபின் ஒரு புதிர் அவரை ஆட்கொண்டது. புரோட்டான்களோ நியூட்ரான்களோ 2, 8, 20, 28, 50, 82 என அமைந்த அணுக்கருக்கள் தனியுறுதி பெற்றிருப்பது ஏன்? நண்பர் ஃபெர்மி கேட்ட ஒரு கேள்வி வழிகாட்டியது. துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைகின்றன. தற்சுழற்சியும் சுற்றோட்டமும் ஒத்த திசையிலா, எதிர்த்திசையிலா என்பதற்கேற்ப ஆற்றல் வேறுபடுகிறது. அவ்வெண்களில் ஒவ்வொரு கூடும் நிறைகிறது என 1949-இல் விளக்கினார். ஜெர்மனியில் யென்சனும் தனியே அம்முடிவையே கண்டார். போட்டியாகக் கருதாது, இருவரும் சேர்ந்து நூலெழுதினர்.

முழு ஊதியத்துடன் பேராசிரியர் பதவி 1960-இல்தான், சான் டியகோவில் கிட்டியது. 1963-இல் நோபெல் பரிசு. இயற்பியலில் மேரி கியூரிக்குப்பின் அதைப் பெற்ற அடுத்த பெண் இவரே. 1972-இல் மறைந்தார்.

அன்பர்களே, ஊர் மாறும்போது பாத்திரம் பண்டங்களைக் கவனமாய்க் கட்டுகிறோம். இல்லத்துப் பெண்கள் கற்ற கல்வியையும் மறவாது உடன்கொண்டு செல்வோமாக.